மனு எந்த மேசைக்குப் போகிறது?

சீவலப்பேரி என்ற பெயரை வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் சீவலப்பேரி பாண்டியோடு சேர்த்துத்தான் கேள்விப்பட்டிருப்பார்கள். சிறையிலிருந்து தப்பி, கடைசியில் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியான அந்த மனிதரின் கதையைச் சௌபா ஜூனியர் விகடனில் தொடராக எழுதினார். 1994-இல் நெப்போலியன் நடித்துப் படமாகவும் வந்தது. உள்ளூர்க்காரர்களுக்கு இது துர்க்கையும் சுடலைமாடனும் இருக்கிற ஊர், தாமிரபரணியோடு சிற்றாறு வந்து சேரும் முக்கூடல், கோவில்பட்டிக்குக் குடிதண்ணீர் போகிற இடம். என்கவுன்டர் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே நான் எடுத்துக்கொள்வது அதைவிட அன்றாடமான கேள்வி. இந்த ஊரில் ஒருவரை விசாரணை என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் அடித்து அனுப்பிவிட்டால், அவர் யாரிடம் போய்ச் சொல்வார்? அவர் சொன்னதை விசாரிக்கப்போகிறவர் யார்?

சொல்வதற்கு இடங்கள் நிறையவே இருக்கின்றன. மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் மனு கொடுக்கலாம். திங்கட்கிழமை திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் கூட்டத்தில் வரிசையில் நிற்கலாம். முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு எழுதலாம். சென்னையில் மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறது. மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது. மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு காவல் புகார் ஆணையமும் உண்டு. இத்தனை இருந்தும் மனு கொடுத்தவருக்கு நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். எஸ்.பி. ஆபீசில் கொடுத்தது டி.எஸ்.பி.க்குப் போகும், அங்கிருந்து இன்ஸ்பெக்டருக்குப் போகும், சில நாளில் அதே ஸ்டேஷனிலிருந்து, “மனு விசாரணைக்கு வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க” என்று போன் வரும். யாரைப் பற்றி எழுதினாரோ அவர் உட்கார்ந்திருக்கும் கட்டடத்துக்கே போய், எழுதியது உண்மைதான் என்று அவர் சொல்ல வேண்டும்.

இந்தக் குறைக்கு வயது 170 ஆண்டுகளுக்கு மேல். சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் சித்திரவதை நடக்கிறது என்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் பேச்சு எழுந்த பிறகு, 1854-இல் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரைக் கொண்ட ஆணையம் அமைக்கப்பட்டது. நேரிலும் கடிதத்திலுமாக அதற்கு வந்த புகார்கள் 1,959. நூற்றுக்கணக்கான மைல் தொலைவிலிருந்து ரயத்துகள் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். விரல்களைக் கிட்டியில் வைத்து நெரிப்பதும், கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டிக் குனியவைத்து வெயிலில் நிறுத்துவதும் 1855-ஆம் ஆண்டு அறிக்கையில் வரிசையாகப் பதிவாகியிருக்கின்றன. என்னைப் பொறுத்தவரை அந்த அறிக்கையின் முக்கியமான பகுதி வேறு. வரியும் போலீசும் தாசில்தார் ஒருவர் கையிலேயே இருந்தன. அவர்மேல் கலெக்டரிடம் முறையிட்டால், அந்த முறையீடு விசாரணைக்காகத் தாசில்தாரிடமே திரும்பி வந்தது. அடியைவிட இதுதான் ஜனங்களை வாய் திறக்கவிடாமல் செய்தது என்பதை ஆணையம் கண்டுகொண்டது.

விளைவாக 1859-இல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் வந்தது. வருவாய்த் துறையிலிருந்து போலீஸ் பிரிக்கப்பட்டு, தனக்கென மேலிருந்து கீழ்வரை அதிகாரிகளோடு தனித் துறையானது. அதன்பின் போலீஸ்மேல் வரும் புகாரை விசாரிப்பது போலீசின் உள்வேலையானது. தாசில்தாரிடம் போய்க்கொண்டிருந்த மனு இன்ஸ்பெக்டரிடம் போகத் தொடங்கியது.

அந்தச் சுற்று எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் திருநெல்வேலி 2017 அக்டோபர் 23-ஆம் தேதி கண்ணால் பார்த்தது. காசிதர்மம் கிராமத்துக் கூலித் தொழிலாளி ஒருவர், மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளுமாகக் கலெக்டர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்தார். நால்வரும் இறந்துபோனார்கள். கந்துவட்டிக் கொடுமை பற்றியும், உள்ளூர்ப் போலீஸ் நடவடிக்கை எடுக்கவில்லை என்றும் அவர்கள் அதே அலுவலகத்தில் பலமுறை மனு கொடுத்திருந்தார்கள். அன்றும் திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாள்.

நிறையப் பேர் செத்தாலோ ஊரே சூறையாடப்பட்டாலோ மட்டும் நம் மாவட்டங்களுக்கு நீதிபதி வருகிறார். 1995-இல் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து வீடுகளைச் சூறையாடியதற்குக் கோமதிநாயகம் ஆணையம் வந்தது. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் 1999 ஜூலை 23 அன்று 17 பேர் இறந்தார்கள், அதற்கு எஸ். மோகன் ஆணையம் வந்தது. அந்த 17 பேரில் பெண்களும் ஒரு கைக்குழந்தையும் உண்டு. தடியடிக்குத் தப்பித் தாமிரபரணியில் இறங்கியவர்கள் கரையேறவில்லை. பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்ததாக ஆணையம் சொன்னது. அவர்களை ஆற்றுக்குள் துரத்தியதற்காக எந்தக் காவலரும் தண்டிக்கப்படவில்லை. 2018 மே 22-இல் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூடு. அருணா ஜெகதீசன் ஆணையம் 2022-இல் அறிக்கை கொடுத்து, 17 காவல்துறையினர்மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. விசாரணை ஆணையச் சட்டத்தின்கீழ் அமைவதால் இந்த அறிக்கைகள் அரசைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆணையம் வைப்பதா என்பதையும், யாரை வைப்பது என்பதையும், அறிக்கையை எப்போது சட்டமன்றத்தில் வைப்பது என்பதையும் நடைமுறையில் தீர்மானிப்பது அரசுதான்.

சாத்தான்குளம் வேறு வகை. தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்சும் 2020 ஜூன் 19 இரவு காவல் நிலையத்தில் அடிபட்டார்கள். சுமார் 100 கிலோமீட்டருக்கு அப்பால் கோவில்பட்டிக் கிளைச் சிறையில் அடைக்கப்பட்டு, ஜூன் 22-இலும் 23-இலும் அடுத்தடுத்து இறந்தார்கள். நடுவில் சட்டம் வைத்திருக்கும் காவல்கள் அத்தனையும் இருந்தன. அரசு மருத்துவர் பார்த்தார், சிறைக்கு அனுப்பத் தகுதி என்று எழுதிக்கொடுத்தார். மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்தார். 1996 டி.கே. பாசு தீர்ப்பின் கைது விதிகள் நடைமுறையில் இருந்தன. எதுவும் தடுக்கவில்லை.

பிறகு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து எடுத்த வழக்கில், கோவில்பட்டி மாஜிஸ்திரேட் எம்.எஸ். பாரதிதாசன் விசாரிக்கப் போனார். ஜூன் 28 அன்று ஸ்டேஷனில் அவருக்கு நடந்ததை அவரே உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். கேட்ட ஆவணங்கள் வரவில்லை. காவலர்கள் மரியாதையில்லாமல் பேசினார்கள். சி.சி.டி.வி. ஹார்டு டிஸ்க்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி அமைத்திருந்தார்கள். 19-ஆம் தேதி முதலான காட்சி எதுவும் கிடைக்கவில்லை. அன்றிரவு பணியிலிருந்த தலைமைக் காவலர் ரேவதி மட்டும், லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்ததைப் பயந்து பயந்து சொன்னார். கையெழுத்துப் போட அவருக்கு நெடுநேரம் தைரியம் சொல்ல வேண்டியிருந்தது. மறுநாள் உயர் நீதிமன்றம் செய்தது இந்தியாவிலேயே கேள்விப்படாத காரியம்: தடயம் அழியாமலிருக்க அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் கொடுத்தது. 1859-இல் வருவாய்த் துறையிடமிருந்து பிரித்த போலீசை ஒரு சாட்சியத்தைக் காப்பாற்றுவதற்காக மீண்டும் அதனிடமே ஒப்படைக்க வேண்டிவந்தது. புகாரை விசாரிக்க நிலையான, தனியான ஓர் அமைப்பு அந்த மாவட்டத்தில் இருந்திருந்தால் நீதிமன்றத்துக்கு இந்த நெருக்கடி வந்திருக்காது.

செத்துப்போனவர்களுக்காவது ஒரு மாஜிஸ்திரேட் உண்டு. காவலில் மரணம் நேர்ந்தால் நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும் என்பது 2005-இல் செய்த திருத்தத்தால் கட்டாயமானது. புதிய நாகரிக் சுரக்‌ஷா சட்டத்திலும் அது தொடர்கிறது. உயிரோடு திரும்பியவர்களுக்கு அது பொருந்தாது. அவர்களுக்கென்று இருப்பது காவல் நிலை ஆணை 151-இன்படி நடக்கும் ஆர்.டி.ஓ. விசாரணை. 2023 மார்ச்சில் அம்பாசமுத்திரத்தில் நடந்தது இந்த வகைதான். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் ஸ்டேஷன்களுக்கு விசாரணைக்குக் கொண்டுபோன இளைஞர்களின் பல்லைக் கட்டிங் பிளையரால் பிடுங்கியதாக, வாயில் ஜல்லிக்கல்லைப் போட்டு அடித்ததாக அப்போதைய உதவிக் காவல் கண்காணிப்பாளர் பல்வீர் சிங் மீது குற்றச்சாட்டு எழுந்தது. சேரன்மகாதேவி சப்-கலெக்டர் விசாரணை தொடங்கினார். முதலில் வந்தவர்களில் ஒருவர், தான் கீழே விழுந்ததில் பல் உடைந்ததாகச் சொன்னதாகச் செய்தி வந்தது. விசாரிப்பவர் சப்-கலெக்டராக இருந்தாலும், சாட்சி சொல்லிவிட்டு வீடு திரும்புகிறவர் அதே ஸ்டேஷன் எல்லைக்குள்தானே திரும்ப வேண்டும்? மார்ச் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் இடைநீக்கத்தை அறிவித்தார், ஐ.ஏ.எஸ். அதிகாரி அமுதா தலைமையில் உயர்மட்ட விசாரணை நடந்தது, சி.பி.சி.ஐ.டி. வழக்குப் பதிவு செய்து நீதிமன்றம்வரை கொண்டுபோனது. 2024 தொடக்கத்தில் இடைநீக்கம் ரத்தானது. மாநிலமே பார்த்துக்கொண்டிருந்த வழக்கில்தான் இவ்வளவும் நகர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பத்திரிகைக்காரர் எட்டிப்பார்க்காத ஸ்டேஷனில் மூன்று பல் போனவருக்கு எந்த அமுதா வருவார்?

மாவுக்கட்டுப் படங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கையிலோ காலிலோ வெள்ளைக் கட்டுடன் தரையில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்; கீழே, தப்பியோடும்போது அல்லது கழிவறையில் வழுக்கி விழுந்ததில் எலும்பு முறிந்ததாக ஒரு வரி. ஸ்டேஷன் கழிவறையில் கைதானவர்கள் மட்டும் வழுக்கி விழுவது எப்படி என்று உயர் நீதிமன்றமே கேட்டிருக்கிறது. ஊரில் பலர் அந்தப் படத்தைப் பார்த்து ‘சரியாத்தான் செஞ்சிருக்காங்க’ என்கிறார்கள். ரவுடித்தனத்தால் நொந்துபோனவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மாவுக்கட்டுக்குப் பழகிய கைதான் 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார்மேல் விழுந்தது. நகை காணவில்லை என்ற புகாரில் தனிப்படை கூட்டிப்போன அவர் உடம்பில் பிரேதப் பரிசோதனை 44 காயங்களைக் கண்டது. அவர் ரவுடி இல்லை. அவர்மேல் முதல் தகவல் அறிக்கைகூட அப்போது பதிவாகியிருக்கவில்லை.

மாற்று வழி என்னவென்று நாட்டுக்குத் தெரியாமல் இல்லை. தர்மவீரா தலைமையிலான தேசியப் போலீஸ் ஆணையம் 1979-இல் தன் முதல் அறிக்கையிலேயே, காவலில் மரணம், பாலியல் வன்முறை, கொடுங்காயம் ஆகியவற்றைக் கூடுதல் செஷன்ஸ் நீதிபதி நிலையிலான மாவட்ட விசாரணை அதிகாரி கட்டாயம் விசாரிக்க வேண்டும் என்றது. அந்த அறிக்கை தூங்கியது. ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி பிரகாஷ் சிங் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று ஏழு உத்தரவுகள் போட்டது. ஆறாவது உத்தரவு, காவல் புகார் ஆணையம். மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி, மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி; அவர்களைத் தலைமை நீதிபதி தரும் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். எஸ்.பி.மீதும் அதற்கு மேலுள்ளவர்கள்மீதும் வரும் புகாரை மாநில ஆணையமும், டி.எஸ்.பி. வரையிலானவர்கள்மீதான புகாரை மாவட்ட ஆணையமும் பார்க்கும். பணம் பறிப்பு, நில அபகரிப்பு, அதிகார துஷ்பிரயோகம் எல்லாம் மாவட்ட ஆணையத்தின் வரம்புக்குள் வரும். ஆணையம் சொன்னது துறையைக் கட்டுப்படுத்தும்.

உத்தரவில் ஓர் இடைவெளி இருந்தது: மாநிலங்கள் சட்டம் இயற்றும்வரைதான் இது செல்லும். தமிழ்நாடு 2013-இல் தமிழ்நாடு காவல் (சீர்திருத்தங்கள்) சட்டத்தை இயற்றியது. அதன்படி மாநிலப் புகார் ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர்கள் டி.ஜி.பி.யும் சட்டம்-ஒழுங்குக் கூடுதல் டி.ஜி.பி.யும். மாவட்ட ஆணையத்தின் தலைவர் கலெக்டர்; உறுப்பினர்கள் எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும். நீதிபதி எங்கும் இல்லை. பொதுமக்களில் ஒருவர்கூட இல்லை. இந்த ஆணையங்களையும் அரசு 2019 நவம்பரில்தான் அமைத்தது, ஓய்வுபெற்ற ஐ.பி.எஸ். அதிகாரி ஏ.ஜி. மௌரியாவும் சரவணன் தட்சிணாமூர்த்தியும் அதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். சீவலப்பேரி ஸ்டேஷன்மேல் ஒருவர் புகார் கொடுத்தால், அந்த ஸ்டேஷனை நடத்தும் எஸ்.பி.யே தீர்ப்பு சொல்லும் மூவரில் ஒருவர். மாமியார் உடைத்த சட்டிக்கு மாமியாரே பஞ்சாயத்து. காவல்துறைமேல் எனக்குப் பகை கிடையாது. இந்த அமைப்பில் நேர்மையான எஸ்.பி.க்கும் இக்கட்டுதான். தன் ஆட்களைத் தண்டித்தால் படையில் பேச்சு கிளம்பும். விடுவித்தால் ஊர் நம்பாது.

மனித உரிமை ஆணையம் இதைவிடத் தேவலை. 1997-இல் தொடங்கிய தமிழ்நாடு ஆணையம் எத்தனையோ பேருக்கு இழப்பீடு வாங்கிக் கொடுத்திருக்கிறது. அந்தத் தொகையை அதிகாரியின் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லியும் உத்தரவிட்டிருக்கிறது. அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது பெரிய முன்னேற்றம். குறைகளும் சிறியவை அல்ல. அதன் புலனாய்வுப் பிரிவில் இருப்பவர்கள் போலீஸ்காரர்கள். அங்கே வேலை முடிந்ததும் துறைக்கே திரும்பிப்போகிறவர்கள். சம்பவம் நடந்து ஓராண்டு கடந்தால் புகாரை எடுக்கச் சட்டம் தடை போடுகிறது. ஆணையம் அவ்வப்போது மாவட்டங்களில் அமர்வு நடத்தினாலும் தலைமையிடம் 600 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில். 1855-இல் ரயத்து நடந்துபோன அதே தூரத்துக்கு இன்று நெல்லை எக்ஸ்பிரஸ் இருக்கிறது, அவ்வளவுதான்.

சாட்சியத்தை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதில் பாதி வழக்கு முடிந்துவிடும். 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லா ஸ்டேஷனிலும் ஒலியோடு கூடிய கேமரா, லாக்கப் உள்பட எல்லா மூலையும் தெரிய வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கண்காணிக்க மாவட்டக் குழுவும் உண்டு. ஆனால் கருவியும் சுவிட்சும் ஸ்டேஷனுக்குள்ளேயே இருக்கின்றன. தனி ஆணையம் ஒன்றின் சர்வருக்குப் பதிவு நேராகப் போய்ச் சேராதவரை, ‘அன்னிக்குக் கேமரா ரிப்பேர்’ என்ற பதிலை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் 2011 போலீஸ் சட்டம் மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியையும், மாவட்டத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியையும் தலைவராக வைத்தது. கலெக்டரும் எஸ்.பி.யும் அங்கும் உறுப்பினர்கள். அதனால் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நாற்காலியில் நீதிபதி உட்கார்ந்திருக்கிறார். இலங்கையில் 2001-இல் வந்த 17-ஆம் திருத்தம் தேசியப் போலீஸ் ஆணைக்குழுவுக்குப் பொதுமக்கள் புகாரை விசாரிக்கும் அதிகாரம் கொடுத்தது. முதல் உறுப்பினர்களின் காலம் முடிந்ததும் புதியவர்களை முறைப்படி நியமிக்காமலே அதை முடக்கினார்கள். 2010-இல் 18-ஆம் திருத்தம் அதன் பல்லைப் பிடுங்கியது. சட்டம் இருந்தால் போதாது, நியமனம் அரசின் விருப்பத்தில் இருக்கக் கூடாது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

நான் மிகவும் மதிக்கும் மாதிரி வட அயர்லாந்து. மதத்தாலும் துப்பாக்கியாலும் பிளந்து கிடந்த அந்த ஊரில், போலீசை ஒரு பாதி ஜனம் துளியும் நம்பவில்லை. 2000 நவம்பரில் அங்கே போலீஸ் ஆம்பட்ஸ்மன் அலுவலகம் திறந்தார்கள். நூவாலா ஓ’லோன் என்ற பெண்மணி முதல் பொறுப்பாளர். போலீஸ்மேல் பொதுமக்கள் தரும் எல்லாப் புகாரும் அங்கேதான் போக வேண்டும். அலுவலகத்துக்குச் சொந்தப் புலனாய்வாளர்கள். அவர்களுக்குக் கைது செய்யவும் சோதனை போடவும் அதிகாரம் உண்டு. போலீஸ் நடவடிக்கையில் யாராவது இறந்தால் புகார் வரும்வரை காத்திருக்காமல் துறையே வழக்கை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். ஓமா குண்டுவெடிப்பு விசாரணையில் போலீஸ் தலைமையே தவறியது என்று 2001-இல் அந்த அலுவலகம் அறிக்கை போட்டது. போலீஸ் தலைவர் கொதித்தார், அலுவலகம் மூடப்படவில்லை.

காவல்துறையினர் சொல்லும் ஆட்சேபத்தையும் சொல்லியாக வேண்டும். பொய்ப்புகார் குவியும், கைது செய்தாலே புகார் வரும், வேலை பார்க்கக் கை நடுங்கும் என்கிறார்கள். பொய்ப்புகார் வரத்தான் செய்யும். அதைப் பொய் என்று ஊர் நம்பும்படி சொல்ல வெளி ஆள் வேண்டும். ‘விசாரித்தோம், உண்மையில்லை’ என்று துறையே எழுதும் பதிலை நிரபராதியான காவலரின் பக்கத்து வீட்டுக்காரர்கூட நம்புவதில்லை. மேலதிகாரி வாய்மொழியாகச் சொன்னதைச் செய்துவிட்டுத் தனியாக மாட்டிக்கொள்ளும் கான்ஸ்டபிளுக்கும், ரேவதியைப் போலப் பார்த்ததைச் சொல்ல நினைக்கும் ஏட்டுக்கும், துறைக்கு வெளியே ஒரு கதவு வேண்டும்.

எனவே கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. 2013 சட்டத்தில் ஆணையத்தின் அமைப்பைச் சொல்லும் பிரிவுகளைத் திருத்துங்கள். கலெக்டர், எஸ்.பி. நாற்காலியில் உயர் நீதிமன்றம் தரும் பட்டியலிலிருந்து ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியை உட்கார வையுங்கள். துறைக்குத் திரும்பிப்போகாத புலனாய்வாளர்களைக் கொடுங்கள், கேமராப் பதிவைக் கொடுங்கள், பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகம் கொடுங்கள். முடிவு கட்டுப்படுத்தும் என்று எழுதுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் சாலையும் தண்ணீரும் கேட்கிறோம். இதையும் கேட்க வேண்டும்.

அதுவரைக்கும், அடிபட்டவர்கள் செய்ய வேண்டியது சில உண்டு. அன்றைக்கே பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கீழே விழுந்தேன் என்று சொல்லாதீர்கள். போலீஸ் அடித்தது என்று டாக்டரிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுதவையுங்கள், அந்த ஏ.ஆர். காப்பியை வாங்கிவையுங்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கட்டணமில்லாத வக்கீல் கிடைப்பார். மனித உரிமை ஆணையத்துக்கு வெள்ளைத்தாளில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும், கட்டணம் கிடையாது. கெடு ஓராண்டு, அதைத் தவறவிட்டுவிடாதீர்கள்.